அன்னி பெஸண்ட் அம்மையாரின் பக்தியும் தொழிலாளர் இயக்கமும்

தெய்வ பக்தியுடைய பெண்மணிகள் பொதுவுடைமைக் கொள்கையை எதிர்த்துப் பொதுவாழ்வில் இறங்குவது உலக சரித்திரத்தில் அரிய நிகழ்ச்சியன்று. அமெரிக்காவில் கிளேர் பூத் லூஸ் அம்மையார் 1946-ஆம் ஆண்டில் கத்தோலிக்க சமயத்தைத் தழுவி, அந்தச் சமயப் பற்றையே படைக்கலமாகக் கொண்டு பொதுவுடைமையைச் சாடினார். 1953-ல் தம் நாட்டின் தூதராக இத்தாலிக்குச் சென்றார். அதே நாட்டில் பில்லிஸ் ஷ்லாஃப்லி அம்மையார், ஹங்கேரியப் பொதுவுடைமை அரசு சிறையிலிட்ட கார்டினல் மிண்ட்ஸெண்டியின் பெயரால் 1958-ல் ஒரு ஸ்தாபனம் நிறுவப்படுவதற்கு உழைத்தார். நமது அண்டை ராஜ்யமாகிய கேரளத்தில் 1959-ல் பொதுவுடைமை மந்திரிசபையை எதிர்த்து எழுந்த விமோசன சமரத்தில் கத்தோலிக்க மாதரும் நாயர் மாதரும் பெருங்கூட்டமாக மறியலுக்கு வந்தனர். அவ்வாண்டு ஜூலை 3-ஆந் தேதி திருவனந்தபுரத்தை அடுத்த செறியதுறை என்னும் மீனவர் ஊரில் போலீஸார் சுட்டபோது, கருவுற்றிருந்த மீனவப் பெண் ஒருத்தியும் மாண்டாள். அம்மாதம் 31-ஆந் தேதி மத்திய ஸர்க்கார் அந்த மந்திரிசபையை நீக்கிவிட்டது.

இத்தகைய பெண்டிரைப் பற்றித் தேசத் தொண்டரிடையே இரண்டு அபிப்பிராயங்கள் உலவுகின்றன. குருமாரும் நிலப்பிரபுக்களும் ஆட்டுவித்த பொம்மைகள் அவர்கள் என்பது ஒன்று. தர்மத்தைக் காக்க வந்த தேவிகள் என்பது மற்றொன்று. இரண்டையும் நாம் ஏற்பதற்கில்லை. பக்தி ஒரு பெண்மணியை ஏழைகளிடம் அழைத்துச் செல்வது எவ்வாறு, எந்த எல்லையில் அவளை நிறுத்தி விடுகிறது எவ்வாறு என்பதையே ஆராய வேண்டும். அதற்குத் தக்க சான்றாக ஒரு பெருவாழ்வு நமது சென்னையிலேயே நடந்து முடிந்திருக்கிறது. நாத்திகம், அபேதவாதம், பக்தி ஆகிய மூன்றையும் ஒரே ஜன்மத்தில் கண்ட அன்னி பெஸண்ட் அம்மையாரின் வாழ்வையே கூறுகின்றோம். அவரைப் பழமைவாதி என்று சொன்னால் பலர் வியப்புறுவர். அவரது பிற்கால அரசியலைக் கூர்ந்து நோக்குவோர் வியப்புற மாட்டார்.

அம்மையாரின் சரிதத்தில் புகுமுன் வாசகர்களை ஓரிடத்துக்கு அழைத்துச் செல்ல விரும்புகின்றோம். எண்ணூரில் கொசஸ்தலையாறு கடலொடு கலக்குமிடத்தே முகத்துவாரக்குப்பம் என்னும் மீனவர் ஊர் இருக்கிறது. அங்கிருந்து கரையோரமாகத் தெற்கு நோக்கி வருபவர் தொழிற்சாலைப் புகைபோக்கிகளைக் கடந்து திருவொற்றியூர்க் கோபுரத்தைக் காண்பர். காசிமேட்டைத் தாண்டி இராயபுரம் புகுந்தால் இராயப்பர் கோயிலைக் காண்பர். இக்கரையின் குப்பங்களில் ஆடி மாதம் அம்மனுக்குக் கூழ் வார்க்கிறார்கள். அதே வீதிகளில் தொழிற்சங்கக் கொடிகளும் நெடுங்காலமாகப் பறந்து வருகின்றன. காலையில் கோயில் வாசலில் கற்பூரம் கொளுத்தியவன் மாலையில் சங்கக் கூட்டத்துக்குப் போகிறான். இவ்விரண்டுக்கும் பகை உண்டென்பது அவனுக்குத் தெரியாது. நூல் கற்ற நமக்கே அது தெரிகிறது. இதனை நினைவில் வைத்துக்கொண்டு அம்மையாரின் வாழ்வைப் பார்ப்போமாக.

1847-ஆம் ஆண்டு அக்டோபர் முதல் தேதி லண்டன் மாநகரில், ஐரிஷ் இரத்தக் கலப்புள்ள குடும்பமொன்றில் அம்மையார் பிறந்தார். ஐந்து வயதில் தந்தையை இழந்தார். எல்லன் மாரியட் என்னும் பக்திமிக்க மாது அவரை வளர்த்துக் கல்வி புகட்டினார். வேதாகமமும் பிரார்த்தனையுமாக வளர்ந்த அப்பெண், கிறிஸ்துவுக்காக உயிர் துறந்த தியாகிகளைக் கனவு கண்டே பருவமெய்தினார். 1867-ல், இருபதாம் வயதில், பிராங்க் பெஸண்ட் என்ற பாதிரியாரை மணந்தார். ஆண் ஒன்றும் பெண் ஒன்றுமாக இரண்டு குழந்தைகள் பிறந்தன. 1871-ல் பெண் குழந்தை கக்குவான் இருமலால் மரணத்தின் வாயிலுக்குச் சென்று மீண்டது. பாவமறியாத சிசு துடிப்பதைக் கண்ட தாயின் உள்ளத்தில், கருணைக் கடலாகிய ஆண்டவன் இதனை ஏன் அனுமதிக்கிறான் என்ற ஐயம் எழுந்தது. ஐயம் வளர்ந்தது. ஆலயத்தில் நற்கருணை பெற மறுத்தார். பாதிரியாரின் மனைவி அங்ஙனம் மறுப்பது ஊரறிந்த அவமானம். 1873-ல் கணவரின் வீட்டை விட்டு வெளியேறினார்.

அடுத்த ஆண்டு சார்லஸ் பிராட்லாவின் நாத்திக சங்கத்தில் சேர்ந்தார். கர்ப்பத்தடையைப் பற்றிய பழைய மருத்துவ நூலொன்றை இருவரும் மறுபதிப்புச் செய்ததற்காக 1877-ல் வழக்குத் தொடரப்பட்டது. அம்மையார் வக்கீல் வைத்துக் கொள்ளாமல் தாமே வாதாடினார். ஆறு மாதத் தண்டனை விதிக்கப்பட்டு, சட்ட நுணுக்கமொன்றால் பின்னர் அது ரத்தாயிற்று. ஆயினும் அவ்வழக்கு அவரிடமிருந்து வேறொன்றைப் பறித்தது. 1878-ல் நீதிமன்றம், நாத்திகத்தைப் பரப்பும் தாய் குழந்தையை வளர்க்கத் தகுதியற்றவள் என்று கொண்டு, பெண் குழந்தையைத் தந்தையிடம் ஒப்படைத்தது. தெய்வத்தை நம்பவில்லை என்பதற்காகப் பெற்ற மகளை இழந்தவர் அவர். பிற்காலத்தில் அவருக்கு வந்த பக்தி பிழைப்புக்காகவோ மதிப்புக்காகவோ வந்ததென்று எவரேனும் சொல்வாராயின், அவர் இந்தத் தீர்ப்பைப் படித்தறியாதவரே.

1885-ல் அபேதவாதிகளின் பேபியன் சங்கத்தில் சேர்ந்தார். 1888-ல் லண்டன் கிழக்குப் பகுதியில், பிரையண்ட் அண்டு மே தீப்பெட்டித் தொழிற்சாலைப் பெண்களின் துயரை எழுதினார். அற்பக் கூலி, பேசினால் அபராதம், தரையில் காகிதம் விழுந்தால் அபராதம், தாடை எலும்பையே அரிக்கும் பாஸ்பரஸ் நஞ்சு. அவ்வாண்டு ஜூலையில் ஏறத்தாழ 1,400 பெண்கள் வேலையை விட்டு வெளியேறினர். இங்கே ஒரு செய்தியை வாசகர்கள் கவனிக்க வேண்டும். வேலை நிறுத்தத்தைத் தொடங்கி வைத்தவர் அம்மையாரென்று நெடுங்காலம் எழுதப்பட்டு வந்தது. உண்மையில், அவர் எழுதியது பொய்யென்று கையெழுத்திடும்படி முதலாளிகள் வற்புறுத்தியபோது, அப்பெண்கள் மறுத்துத் தாமாகவே வெளியே வந்தனர். வந்த பின்னரே அம்மையாரைத் தேடிச் சென்றனர். பணம் திரட்டியும், பார்லிமெண்டு வரை செய்தியைக் கொண்டு சென்றும் அம்மையார் அவர்களுக்குத் துணை நின்றார். இரண்டே வாரங்களில் வெற்றி கிடைத்தது. தொடங்கியவர் தொழிலாளிப் பெண்கள். துணை நின்றவர் அம்மையார். அவ்வாழ்வின் மிகச் சிறந்த அத்தியாயம் இதுவென்பது நமது துணிபு.

அடுத்த ஆண்டே எவரும் எதிர்பாராத திருப்பம் நேர்ந்தது. பிளாவட்ஸ்கி அம்மையாரின் இரகசிய உபதேசம் என்னும் பெருநூல் மதிப்புரைக்காக அவர் கைக்கு வந்தது. படித்தார், ஆசிரியரைக் கண்டார், 1889-ல் பிரம்மஞான சங்கத்தில் சேர்ந்தார். ஏழைக்கு ரொட்டி மட்டும் போதுமா, மனிதன் உடம்பு மட்டும்தானா என்ற வினா அவரை அரித்துக் கொண்டிருந்தது. கர்மம், மறுபிறப்பு, உலகை மறைவிலிருந்து நடத்தும் மகாத்மாக்கள் ஆகியவற்றில் அவர் விடை கண்டார். அபேதவாத நண்பர்கள் திகைத்தனர். அவரோ மெல்ல மெல்ல அவர்களை விட்டு விலகினார்.

1893 நவம்பர் 16-ஆந் தேதி தூத்துக்குடியில் இறங்கி, முதன்முதலாக இந்திய மண்ணை மிதித்தார். ஹிந்து தர்மத்தின் பெருமையை ஊர் ஊராகச் சென்று பிரசங்கித்தார். ஆங்கிலக் கல்வி கற்றுத் தம் முன்னோரைப் பற்றி நாணியிருந்த ஒரு தலைமுறையை நிமிர்ந்து நிற்கச் செய்தார். 1898-ல் காசியில் மத்திய ஹிந்து கலாசாலையை நிறுவினார். 1907-ல் பிரம்மஞான சங்கத்தின் தலைமையேற்று அடையாற்றில் நிலைகொண்டார்.

இக்காலத்தில் அவர் சொன்னவற்றில் பழமைவாதம் தெளிவாகத் தெரிகிறது. பெண் கல்வியைப் பற்றி 1904-ல் எழுதியபோது, இந்தியப் பெண் உத்தியோகத்துக்காகப் படிக்க வேண்டியதில்லை. இல்லறத்துக்கும் தாய்மைக்கும் உகந்த கல்வியே போதுமென்றார். ஒடுக்கப்பட்டோர் கல்வியைப் பற்றி 1909-ல் எழுதியபோது, அவர்களுக்குத் தனிப்பள்ளிகள் வேண்டுமென்றும், சுத்தமும் பழக்கவழக்கமும் சீர்படும்வரை மேல்வகுப்புப் பிள்ளைகளுடன் அவர்களைச் சேர்த்து அமர்த்தலாகாதென்றும் வாதித்தார். டாக்டர் அம்பேத்கர் பின்னாளில் இக்கட்டுரையை எடுத்துக்காட்டிக் கண்டித்தார். அபேதவாதத்தை அம்மையார் முற்றிலும் கைவிட்டாரல்லர். அதற்கு வேறு பொருள் தந்தார். சமுதாயம் ஒரு குடும்பம். ஞானமுடைய மூத்தோர் ஆள, இளையோர் அடங்கி நடப்பர். மூத்தோர் தியாகம் செய்வர், இளையோர் நலம் பெறுவர் என்பது அவர் கொண்ட சித்தாந்தம். பசித்தவன் எழுந்து பறிப்பதன்று, உடையவன் அன்பினால் கொடுப்பதே உண்மையான அபேதவாதம் என்றார். வர்க்கப் போர் என்ற கொள்கைக்கு அச்சித்தாந்தத்தில் இடமே இல்லை. கர்மத்தையும் படிமுறைப் பரிணாமத்தையும் நம்பியவர் ஒரே நாளில் உலகைப் புரட்டிப் போடுவதை எவ்வாறு நம்புவார்?

எனினும் அதே பக்திதான் அவரை நம்முடைய சுயராஜ்யப் போரில் இறக்கியது. பாரத தேசம் உலகுக்கு ஞானம் தர வேண்டியது. அடிமை நாடு ஞானம் தர இயலாது. ஆகவே அது விடுதலை பெறல் வேண்டும். 1914-ல் நியூ இந்தியா தினசரியைத் தொடங்கினார். 1916 செப்டம்பரில் ஹோம் ரூல் சங்கம் கண்டார். 1917 ஜூனில் சென்னை கவர்னர் பென்ட்லண்டு பிரபு அவரையும், அருண்டேல், வாடியா ஆகிய இருவரையும் காவலில் வைத்தார். தேசமே கொதித்தது. ஆடவரின் ஊர்வலம் தடுக்கப்பட்டபோது, சென்னை மாதர் கோயில்களுக்கு ஊர்வலமாகச் சென்று அவரது விடுதலைக்காகப் பிரார்த்தித்தனர். பெண்களின் பக்தி அரசியல் பலமாவதை நம் தேசத்தார் கண்ணாரக் கண்ட நாட்கள் அவை. செப்டம்பரில் விடுதலையான அவர், டிசம்பரில் கல்கத்தா காங்கிரஸுக்குத் தலைமை வகித்தார். காங்கிரஸ் தலைமை பூண்ட முதல் பெண்மணி அவரே. அவ்வாண்டு மே மாதத்தில் அடையாற்றில் தோன்றிய இந்திய மாதர் சங்கத்தின் முதல் தலைவியும் அவரே.

இனி வடசென்னைக்கு வருவோம். பெரம்பூரில் பின்னி கம்பெனியின் பக்கிங்ஹாம் ஆலையும் கர்நாடிக் ஆலையும் இருந்தன. ஆலைக்கு அருகே கடை வைத்திருந்த செல்வபதி செட்டியாரும், அவருடைய நண்பர் இராமாநுஜலு நாயுடுவும், வேங்கடேச குணாமிர்த வர்ஷிணி சபை என்ற பஜனை சபையை நடத்தி வந்தனர். பஜனைக்கு வந்த தொழிலாளர் தங்கள் துயரையும் அங்கே சொல்லிக்கொண்டனர்: நெடுநேர வேலை, உண்பதற்குப் போதாத இடைவேளை, மேலதிகாரிகளின் அடி உதை. செட்டியாரும் நாயுடுவும் நியூ இந்தியா காரியாலயத்துக்கு வந்து வாடியாவை அழைத்துச் சென்றனர். 1918 ஏப்ரல் 27-ஆந் தேதி சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது. வாடியா தலைவர், திரு. வி. கலியாணசுந்தர முதலியார் உபதலைவருள் ஒருவர். இந்தியாவில் முறையாக அமைந்த முதல் தொழிற்சங்கம் இதுவென்பர். அது பஜனை சபையின் மடியில் பிறந்த குழந்தை என்பதைத் தொண்டர் எவரும் மறத்தலாகாது.

பக்திக்கும் தொழிலாளர் உரிமைக்கும் பகையில்லை என்பதற்குப் பெரம்பூரைவிடச் சிறந்த சாட்சி வேண்டுமோ? அம்மையாரின் பத்திரிகையும் அவரது வலக்கை போன்ற வாடியாவும் அச்சங்கத்துக்குக் காவலாக நின்றனர். லண்டன் தீப்பெட்டிப் பெண்களின் தோழியாயிருந்தவர், முப்பதாண்டு கழிந்து, நமது ஆலைத் தொழிலாளரின் பக்கம் மீண்டும் வந்து நின்றார் என்று அன்று பலர் மகிழ்ந்திருப்பர்.

அம்மகிழ்ச்சி நீடிக்கவில்லை. ருஷ்யப் புரட்சி உலகை உலுக்கியிருந்த காலம் அது. 1919-ல் காந்தியடிகள் ரௌலட் சட்டத்தை எதிர்த்துச் சத்தியாக்கிரகம் தொடங்கினார். சட்டத்தைக் குடிமக்கள் பொறுக்கியெடுத்து மீறலாம் என்ற கொள்கையை அம்மையாரால் ஏற்க முடியவில்லை. அது ஒழுங்கின்மைக்கும் புரட்சிக்கும் வாயில் திறக்கும் என்று எச்சரித்தார். தில்லியில் ஜனங்கள் சுடப்பட்டபோது, துப்பாக்கி தூக்கியவர் பக்கம் நியாயம் காண்பதுபோல் எழுதினார். அவ்வெழுத்தைத் தேசம் மன்னிக்கவில்லை. 1920-ல் ஒத்துழையாமையைத் தேசத்தின் தற்கொலை என்று தூற்றித் துண்டுப் பிரசுரம் வெளியிட்டார். அவ்வாண்டு காங்கிரஸில் அவர் பேச்சு எடுபடவில்லை. மூன்றாண்டுக்கு முன் தேசத்தின் தலைவியாயிருந்தவர் ஓரத்தில் ஒதுங்கினார்.

அதே சமயத்தில் பெரம்பூரில் வேறொரு தடையும் எழுந்தது. 1920-ல் கதவடைப்பு நேர்ந்தபோது, கம்பெனியார் சென்னை ஹைகோர்ட்டில் வாடியா முதலியோர் மீது நஷ்டஈட்டு வழக்குத் தொடுத்து இடைக்காலத் தடையுத்தரவும் பெற்றனர். தொழிலாளியை வேலைக்குப் போகாதேயென்று சொல்வதே ஒப்பந்தத்தை மீறத் தூண்டும் குற்றமாயிற்று. 1921 ஜனவரியில் வாடியா சங்கத்தை விட்டு விலகுவதென்ற ராஜியின் பேரில் வழக்கு முடிந்தது. அடுத்த ஆண்டில் அவர் பிரம்மஞான சங்கத்தையும் விட்டு நீங்கினார். தொழிற்சங்கத்துக்குச் சட்டக் காப்பு இல்லாதிருந்த குறையை அவ்வழக்கு உலகறியச் செய்தது. 1926-ல் தொழிற்சங்கச் சட்டம் வந்தது. 1921-ல் நடந்த நீண்ட வேலை நிறுத்தத்தில் திரு. வி. க. முதலிய காங்கிரஸ்காரரே முன்னின்றனர். புளியந்தோப்பில் ஜாதிப் பிணக்கும் துப்பாக்கிப் பிரயோகமும் நேர்ந்தன. 1923 மே முதல் தேதி, மீனவர் குலத்தில் தோன்றிய ம. சிங்காரவேலர் சென்னைக் கடற்கரையில் மே தினம் கொண்டாடினார். 1925 டிசம்பரில் கான்பூரில் கூடிய பொதுவுடைமை மகாநாட்டுக்குத் தலைமை வகித்தார். அடையாறு விட்ட இடத்தைத் திருவல்லிக்கேணிக் கடற்கரை பிடித்துக் கொண்டது.

அம்மையார் சோர்ந்தாரல்லர். இந்தியப் பொதுநல ராஜ்ய மசோதா ஒன்றை வகுத்து, 1925-ல் பிரிட்டிஷ் பார்லிமெண்டில் லான்ஸ்பரி மூலம் கொண்டுவரச் செய்தார். அம்மசோதாவில் அவர் உள்ளம் முழுதும் தெரிகிறது. கிராமப் பஞ்சாயத்துக்கு எல்லோரும் வாக்களிக்கலாம். மேலே போகப்போக, வாக்குரிமைக்குக் கூடுதல் தகுதிகள் வேண்டும். ஏழைக்கு வீட்டு வாசல் வரை உரிமை உண்டு. உள் அறையில் மூத்தோர் இருப்பர். சட்டம் பயின்ற கண்ணால் நோக்குமிடத்து அது நேர்த்தியான மசோதாவே. ஆயினும் பெரம்பூர்த் தொழிலாளி அதில் தன்னைத் தேடினால் கீழ்ப்படியில்தான் காண்பான்.

இறுதிச் சோதனை அவரது பக்திக்கே நேர்ந்தது. ஜே. கிருஷ்ணமூர்த்தியை உலக குருவாக வருவிக்கப் பல்லாண்டு உழைத்தார். அச்சிறுவரையும் தம்பியையும் தந்தை திருப்பிக் கேட்டபோது 1913-ல் சென்னை ஹைகோர்ட்டில் தாமே வாதாடித் தோற்று, 1914-ல் பிரிவி கவுன்சிலில் வென்றார். அந்தக் கிருஷ்ணமூர்த்தியே 1929 ஆகஸ்டு 3-ஆந் தேதி ஹாலந்தில் தம் பெயரால் அமைந்த நக்ஷத்திர சங்கத்தைக் கலைத்து, குரு எவரும் வேண்டியதில்லையென்று அறிவித்துவிட்டார். அம்மையார் அவரை வெறுக்கவில்லை. நான்காண்டு கழிந்து, 1933 செப்டம்பர் 20-ஆந் தேதி, எண்பத்தைந்து வயதில், அடையாற்றில் உயிர் நீத்தார்.

இவ்வாழ்வினின்று நாம் பெறும் படிப்பினை யாது? பக்தி அம்மையாரை ஏழையின் பகைவராக்கவில்லை, ஏழையின் போஷகராக்கிற்று. குறை அங்கேதான் நுழைந்தது. போஷகர் இல்லாமலே ஏழை எழுந்தபோது அவர் அஞ்சினார். தீப்பெட்டிப் பெண்கள் தாமாக வெளியே வந்ததைக் கண்டு துணை நின்றவர், நம் ஜனங்கள் தாமாக வெளியே வந்தபோது துணை நிற்கவில்லை. இடையில் வந்தது தெய்வ நம்பிக்கை என்று சொல்லிவிடுதல் எளிது. பெரம்பூர்ப் பஜனை சபையாரிடமும் தெய்வ நம்பிக்கை இருந்ததே! அவர்கள் சங்கத்தைக் கண்டு அஞ்சவில்லை. ஆகவே இடையில் வந்தது மூத்தோரே அறிவர் என்ற எண்ணமே.

அவர் அச்சம் முற்றிலும் ஆதாரமற்றதென்று சொல்லவும் நாம் துணியோம். 1922 பிப்ரவரியில் சௌரி சௌராவில் கூட்டம் போலீஸாரைக் கொளுத்தியபோது காந்தியடிகளே இயக்கத்தை நிறுத்தினார். ருஷ்யாவில் தொழிலாளி பெயரால் நிறுவிய ஆட்சி, தொழிலாளி தனியே சங்கம் காண்பதைப் பொறுக்கவில்லை; ஏழைக்கு எது நன்மையென்று கட்சியே அறியுமென்றது; 1991-ல் சரிந்து வீழ்ந்தது. பொதுவுடைமையை எதிர்த்த பக்தைகளும், பக்தியை எதிர்த்த பொதுவுடைமைக் கட்சியினரும் தம்முள் எத்துணை மாறுபட்டாலும், ஏழைக்கு ஒரு மேற்பார்வையாளர் வேண்டுமென்ற ஓரெண்ணத்தில் பலகாலும் ஒன்றுபட்டே நின்றனர்.

மீண்டும் முகத்துவாரக்குப்பத்துக்கு வருவோம். 2023 டிசம்பரில் புயல் வெள்ளத்தோடு எண்ணெய்க் கழிவு எண்ணூர்க் கழிமுகத்தில் பரந்தது. வலையும் படகும் கருத்தன. மீன் பிடிக்க வழியில்லாமற் போயிற்று. இக்கரையின் மீனவ மக்கள் இழப்பீடும் ஆற்றின் தூய்மையும் கேட்டனர். அம்மனை வணங்குவோரே அங்ஙனம் கேட்டவர்களும். அவர்களிடம் செல்லும் தொண்டர், பக்தராயினும் பொதுவுடைமையினராயினும், அம்மையாரின் சரிதத்தை ஒருமுறை எண்ணிச் செல்வாராக. கூட்டத்தை அவர்களே கூட்டட்டும். கோரிக்கையை அவர்களே எழுதட்டும். துணை நிற்பது நமது கடமை. 1888 ஜூலையில் அம்மையார் நின்றாரே, அந்த இடத்தில் நின்றால் போதும்.